தொழில் கூட்டமைப்பின் ஆட்சிக் குழுவில் இடங்களை எப்படிப் பங்கிடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு தொழில்துறை தன் தரவிதிகளையும் சான்று வழங்கும் முறையையும் தானே முடிவு செய்ய ஓர் ஆட்சிக் குழு அமைக்கிறது. குழுவில் 13 இடங்கள். உறுப்பினர்கள் நான்கு பிரிவு: சிறு உற்பத்தியாளர்கள் 900, விநியோகஸ்தர்கள் 400, பெரிய உற்பத்தி நிறுவனங்கள் 100, சோதனைக்கூடங்கள் 25. தலை எண்ணிக்கைப்படி இடம் வேண்டும் என்கிறார்கள் சிறு உற்பத்தியாளர்கள். சந்தாவில் பாதிக்கு மேல் நாங்கள்தான் கட்டுகிறோம், அதற்கேற்ற இடம் எங்கே என்கின்றன பெரிய நிறுவனங்கள். பிரிவுக்குச் சமமாகப் பிரித்துவிட்டால் வம்பில்லை என்கிறார்கள் மற்றவர்கள். எது நியாயம்?

நாலைந்து சங்கங்களின் பைலாவை எழுதவும் திருத்தவும் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மூன்று தரப்பும் தவறான இடத்தில் சண்டை போடுகின்றன. எத்தனை நாற்காலி என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு. ஒரு பிரிவு தன் வாக்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றினால் ஏதாவது ஒரு முடிவாவது மாறுமா? மாறாது என்றால், அந்தப் பிரிவுக்கு ஓர் இடம் இருந்தாலும் நாலு இடம் இருந்தாலும் அது அங்கே விருந்தாளிதான்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1958-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தொடங்கியபோது அதில் ஆறு நாடுகள். அமைச்சர் மன்றத்தில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி மூன்றுக்கும் தலா 4 வாக்கு, பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. மொத்தம் 17. அந்தச் சமூகத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம் கொண்டுவரும் முன்மொழிவு நிறைவேற 12 வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் லக்சம்பர்க்குக்கு இது கொள்ளை லாபம். மூன்று லட்சம் சொச்சம் மக்கள் கொண்ட நாட்டுக்கு, ஐந்து கோடிக்கு மேல் மக்கள் கொண்ட ஜெர்மனியின் கால்வாசி வாக்கு! ஆனால் மற்ற ஐந்து நாடுகளின் வாக்குகளும் இரட்டைப்படை எண்கள். அவற்றை எப்படிக் கூட்டினாலும் 10 வரும், 12 வரும், 11 மட்டும் வரவே வராது. 11 வந்தால்தானே லக்சம்பர்க்கின் அந்த ஒன்று யாருக்காவது தேவைப்படும்? 1973-இல் புதிய நாடுகள் சேர்ந்து கணக்கு மாறும் வரை, அந்த வகை வாக்கெடுப்பில் லக்சம்பர்க் கை தூக்கியதும் தூக்காததும் ஒன்றுதான்.

அமெரிக்க வழக்கறிஞர் ஜான் பான்சாஃப் 1965-இல் இதே கணக்கை நியூயார்க் மாநிலத்தின் நாசோ கவுண்டி வாரியத்துக்குப் போட்டுக் காட்டினார். அங்கே வாக்குகள் 31, 31, 28, 21, 2, 2. மொத்தம் 115, பாதிக்கு மேல் என்றால் 58. முதல் மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் 58 தாண்டிவிடும். அந்த மூன்றில் ஒன்று மட்டும் மற்ற எல்லோரையும் சேர்த்துக்கொண்டால்கூட 56-க்கு மேல் போகாது. ஆக 21 வாக்கு வைத்திருந்த ஊருக்கும் 2 வாக்கு வைத்திருந்த ஊருக்கும் ஒரே செல்வாக்கு: பூஜ்யம். கணக்குப் பார்க்காமல் இடம் பங்கிட்டால் இப்படித்தான் ஆகும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதுகூட இல்லை.

சரி, உங்கள் 13 இடங்களுக்கு வருவோம்.

தலை எண்ணிக்கைப்படி வகுத்தால் 8, 4, 1, 0. சிறு உற்பத்தியாளர்கள் தனியாகவே எல்லாவற்றையும் நிறைவேற்றலாம். மீதி ஐந்து பேர் தேநீர் குடிக்க வரலாம். பெரிய நிறுவனங்கள் ஒரு வருஷத்துக்குள் வெளியேறி வேறு அமைப்பு தொடங்கும், சந்தாவும் அதோடு போகும். சந்தாப்படி கொடுத்தால் இதே கதை தலைகீழாக நடக்கும். சமமாகப் பிரித்தால் பிரிவுக்கு மூன்று, மேலே ஒரு பொதுத் தலைவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 25 சோதனைக்கூடங்களும் 900 உற்பத்தியாளர்களும் ஒரே எடை என்றால், அடுத்த வருஷமே விநியோகஸ்தர்கள் "மொத்த விநியோகம் வேறு, சில்லறை விநியோகம் வேறு, எங்களை இரண்டு பிரிவாக அங்கீகரியுங்கள்" என்று மனு கொடுப்பார்கள். சமப் பங்கு முறையில் பிளவுபடுகிறவனுக்குத்தான் லாபம்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த யாராவது வர்க்கமூல முறையைச் சொல்வார்கள். பிரிட்டனின் லயனல் பென்ரோஸ் 1946-இல் முன்வைத்தது. ஒரு பிரிவு பெரிதாகப் பெரிதாக, அதற்குள் தனி உறுப்பினர் ஒருவர் முடிவைத் திருப்பும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் எண்ணிக்கை ஏறும் வேகத்தில் குறைவதில்லை, அதன் வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் குறைகிறது. ஆகவே பிரதிநிதிகளின் எடையும் வர்க்கமூலப்படி இருக்கட்டும் என்பது வாதம். உங்கள் எண்களுக்கு 30, 20, 10, 5 வருகிறது. 13-க்குச் சுருக்கினால் 6, 4, 2, 1. கணக்கு இவ்வளவு சுத்தமாக விழுவது அபூர்வம். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை, யாரும் விடுபடவும் இல்லை. எல்லோரும் கை தட்டுவார்கள்.

அவசரப்பட வேண்டாம். 13-இல் பாதிக்கு மேல் என்றால் 7. சிறு உற்பத்தியாளர்களின் 6-உடன் எந்தப் பிரிவு சேர்ந்தாலும் 7 வந்துவிடும்; ஓர் இடம் உள்ள சோதனைக்கூடம் போதும். அவர்களை எதிர்க்க வேண்டுமானால் மீதி மூன்று பிரிவும் ஒன்றுவிடாமல் சேர வேண்டும்: 4+2+1. அதாவது விநியோகஸ்தர்களின் நாலு இடத்தால் என்ன முடியுமோ, அது சோதனைக்கூடத்தின் ஒரே இடத்தாலும் முடியும். ஒவ்வொரு கூட்டணியாக எழுதி யார் யாருடைய வாக்கு தீர்மானிக்கிறது என்று எண்ணினால் விகிதம் 6:2:2:2. நாலு இடம் வாங்கிய விநியோகஸ்தர்கள் மூன்று இடத்துக்கு வீணாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

"அப்படியானால் 8 வாக்கு வேண்டும் என்று வைப்போம்" என்பீர்கள். வைத்துப் பாருங்கள். இப்போது சிறு உற்பத்தியாளர்கள் இல்லாமல் எதுவும் நிறைவேறாது, ஏனென்றால் மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் 7-தான். அவர்களுக்கு வீட்டோ கிடைத்துவிட்டது. சோதனைக்கூடத்தின் அந்த ஓர் இடமோ செத்துவிட்டது. அது சேர்ந்ததால் வென்றது என்று ஒரு கூட்டணிகூட மிஞ்சவில்லை. இடங்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. வரம்பை ஒன்று கூட்டினோம், அவ்வளவுதான்.

நான் பரிந்துரைப்பது 4, 4, 3, 2. சாதாரண முடிவுக்கு 8 வாக்கு. தரவிதியைத் திருத்துவது, சந்தா விகிதத்தை மாற்றுவது போன்ற கனமான முடிவுக்கு 9. இதில் 8 என்ற வரம்பில் நாலு இடமுள்ள இரண்டு பிரிவுகளும் சேர்ந்தால் முடிவெடுக்கலாம். இல்லையென்றால் அவற்றில் ஒன்றும் மற்ற இரண்டும் சேர வேண்டும். எண்ணிப் பார்த்தால் விகிதம் 4:4:2:2. யாருக்கும் வீட்டோ இல்லை, யாரும் பூஜ்யமும் இல்லை. 9 என்ற வரம்பில் எந்த இரண்டு பிரிவும் போதாது, எந்த மூன்று பிரிவும் போதும். இதே இடங்களுக்கு 7 என்று வரம்பு வைத்துப் பார்த்தேன்: முதல் மூன்று பிரிவில் எந்த இரண்டும் போதும் என்றாகி, சோதனைக்கூடங்களின் இரண்டு இடமும் அலங்காரமாகிவிடுகிறது. அதனால்தான் இடங்களையும் வரம்பையும் தனித்தனியாகப் பேரம் பேசவே கூடாது என்கிறேன். ஒரு நாள் இடங்களை முடிவு செய்துவிட்டு, வரம்பை "வழக்கம்போல் பாதிக்கு மேல்" என்று எழுதிவிட்டுப் போகிற குழுக்கள்தான் அதிகம்.

இன்னொன்று. 8 வாக்கு என்பது மொத்த 13 இடங்களில் எட்டா, அல்லது வந்திருப்பவர்களைப் பொறுத்து மாறுமா? பைலாவில் "வந்திருந்து வாக்களிப்போரில்" என்று இருந்தால், நான்கு பேர் வராத நாளில் மேலே போட்ட கணக்கு அத்தனையும் கலைந்துவிடும். எண்ணாகவே எழுதுங்கள்.

பிரிவுகள் கட்டுக்கோப்பாக ஒரே பக்கம் வாக்களிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. பாதி விஷயங்களில் பிரிவுக்குள்ளேயே பிளவு இருக்கும், அப்போது நாற்காலி எண்ணிக்கைக்கு மதிப்பு வரும். ஆனால் அமைப்பு உடைகிற மாதிரியான சண்டைகளில் பிரிவுகள் சேர்ந்தேதான் நிற்கும். பைலா அந்த நாளுக்காகத்தான்.

எந்தப் பிரிவும் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்று நான் 4-இல் நிறுத்தியது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகமான ஆன்சியின் விதிப்படி, பாதுகாப்பு சம்பந்தமான தரநிலையை எழுதும் குழுவில் எந்த நலப் பிரிவும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது; மற்ற தரநிலைகளில் எந்தப் பிரிவுக்கும் தனிப் பெரும்பான்மை இருக்கக்கூடாது. பாமாயில் துறையில் 2004-இல் உருவான ஆர்எஸ்பிஓ என்ற சான்று அமைப்பின் ஆளுநர் குழுவில் 16 இடம்: வளர்ப்போருக்கு 4, பதப்படுத்துவோர், நுகர்பொருள் நிறுவனங்கள், சில்லறை வியாபாரிகள், வங்கிகள், சுற்றுச்சூழல் அமைப்புகள், சமூக அமைப்புகள் ஆறுக்கும் தலா 2. வளர்ப்போரின் நான்கிலும் ஓர் இடம் மலேசியா, ஒன்று இந்தோனேசியா, ஒன்று பிற நாடுகள், ஒன்று சிறு விவசாயிகள். சிறு விவசாயிக்கு அந்த ஓர் இடத்தைத் தனியாக ஒதுக்காமல் விட்டிருந்தால் அது ஒருபோதும் அவருக்குக் கிடைத்திருக்காது. எஃப்எஸ்சி என்ற வனச் சான்று அமைப்பு வேறு வழி பிடித்தது. பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் என மூன்று அவை, மூன்றுக்கும் சம எடை. ஒவ்வோர் அவைக்குள்ளும் பணக்கார வடக்கு நாடுகளுக்குப் பாதி, தெற்கு நாடுகளுக்குப் பாதி. யார் எத்தனை பேரைச் சேர்த்தாலும் அவையின் மொத்த எடை மாறாது. ஆள் சேர்க்கும் போட்டியை இது ஓரளவு அர்த்தமற்றதாக்கிவிடுகிறது, எனக்குப் பிடித்த அமைப்பு.

ஆனால் பாருங்கள், கணக்கு சரியாக இருந்தும் வெளியேறுகிறவர்கள் வெளியேறுகிறார்கள். 2011-இல் இந்தோனேசியப் பாமாயில் நிறுவனங்களின் சங்கமான காப்கி, தங்கள் நாட்டுச் சான்றுமுறையை ஆதரிப்பதாகச் சொல்லி ஆர்எஸ்பிஓவை விட்டு விலகியது. விதியின் செலவு யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்கு நாலில் ஒரு பங்கு இடம் நியாயமா, இதற்கு எந்தச் சூத்திரமும் விடை தராது. செலவு முழுவதும் ஒரே பிரிவின் மேல் விழுகிற விஷயங்களை மட்டும் தனியாகப் பட்டியலிட்டு, அவற்றில் அந்தப் பிரிவின் பிரதிநிதிகளில் ஒரு சிலராவது ஒப்ப வேண்டும் என்று வைக்கலாம். பட்டியல் சின்னதாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் வீட்டோ கொடுத்தால், இப்போதிருக்கும் நிலைமை யாருக்கு வசதியோ அவருக்கே எல்லா வாக்கெடுப்பிலும் வெற்றி.

அப்புறம், பிரிவுகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டை யார் போடுகிறார்கள்? இடப் பங்கீட்டைவிட இதில்தான் நிஜமான அதிகாரம் இருக்கிறது. உங்கள் பட்டியலில் உற்பத்தியாளர்களைச் சிறியவர், பெரியவர் என்று பிரித்திருக்கிறீர்கள். சோதனைக் கட்டணம் பற்றிய விவாதத்தில் அந்தக் கோடு சரி, சிறியவருக்கு அது கழுத்தை நெரிக்கும், பெரியவருக்குக் கொசுக்கடி. ஆனால் "தரத்தைக் கடுமையாக்கலாமா" என்ற கேள்வியில் இருவரும் ஒரே பக்கம் நிற்கலாம். அப்போது உங்கள் நான்கு பிரிவில் இரண்டு உற்பத்தித் தரப்பு, அவர்களிடம் 13-இல் 7 இடம். நான் 8 வாக்கு கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் போன்ற தரநிலை அமைப்புகள் அளவைப் பார்ப்பதில்லை. தயாரிப்பவர், பயன்படுத்துபவர், பொது நலம் என்று பிரித்து, தயாரிப்போரின் வாக்குகள் மற்றவர்களின் மொத்தத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் பட்டியலில் பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவரே இல்லை, கவனித்தீர்களா? அவர் சந்தா கட்டும் உறுப்பினர் இல்லை என்பீர்கள். இருக்கலாம். ஆனால் தரவிதி அவருக்காகத்தான். வாக்கு இல்லாவிட்டாலும் ஓர் இருக்கையும், பேசும் உரிமையும், தன் மறுப்பைப் பதிவு செய்யும் உரிமையும் கொடுங்கள்.

ஒரு நிறுவனம் எத்தனை பிரிவில் உட்காரலாம் என்பதும் முக்கியம். பெரிய உற்பத்தியாளருக்கு ஒரு விநியோக நிறுவனம் இருக்கும், மாமனார் பெயரில் ஒரு சோதனைக்கூடம் இருக்கும். மூன்று பிரிவிலும் உறுப்பினர், மூன்று பிரிவிலும் வாக்கு. ஒரே உடைமையாளரின் கீழ் உள்ள எல்லா நிறுவனங்களும் சேர்த்து ஒரே உறுப்பினர், ஒரே வாக்கு என்று எழுதாத பைலாவை நான் பைலாவாகவே எண்ணுவதில்லை.

வாசலைத் திறந்து போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1980-இல் அமெரிக்கத் தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கம் எழுதும் மின் விதித்தொகுப்பைப் பல மாநிலங்களும் நகரங்களும் அப்படியே சட்டமாக ஏற்றுக்கொள்ளும். மின்கம்பி செல்லும் குழாய் பெரும்பாலும் இரும்பில்தான் இருந்தது. பிவிசி குழாயையும் அனுமதிக்கலாம் என்ற முன்மொழிவு வந்தது. நிபுணர் குழு ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. ஆண்டுக் கூட்டத்தில் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் போதும். இரும்புக் குழாய்த் தரப்பு என்ன செய்தது தெரியுமா? 230 பேரைப் புதிதாக உறுப்பினராக்கிக் கூட்டத்துக்கு அழைத்து வந்தது. அதில் 155 பேர் ஒரே நிறுவனம் திரட்டியவர்கள்: விற்பனை முகவர்கள், அந்த முகவர்களின் ஊழியர்கள், மின்பொருளே விற்காத இரண்டு பிரிவுகளின் பணியாளர்கள், ஒரு விற்பனை இயக்குநரின் மனைவி. சந்தா, பதிவு, வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் டாலருக்கு மேல். எங்கே உட்கார வேண்டும், எப்போது கை தூக்க வேண்டும் என்று வாக்கி டாக்கியிலும் கைச் சைகையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன் எதிர்க்கிறோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து பேசவில்லை. முடிவு: 394-க்கு 390. முன்மொழிவு நான்கு வாக்கில் விழுந்தது.

மேல்முறையீட்டில் சங்கம் சொன்னதுதான் எனக்கு மறக்காதது. விதிகள் சுற்றிப் போகப்பட்டன, ஆனால் மீறப்படவில்லை என்றது. அதாவது விதி எழுதியவர்களின் மேல்தான் தவறு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1988-இல் அந்த இரும்புக் குழாய் நிறுவனத்துக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று தீர்ப்பானது. எட்டு வருஷம். இத்தனைக்கும் சங்கத்தின் நிபுணர் குழு சரியாகத்தான் வேலை செய்திருந்தது. மேலே இருந்த பொதுக்கூட்டத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2007-இல் மைக்ரோசாஃப்டின் ஆவண வடிவத்தைச் சர்வதேசத் தரமாக்கும் வாக்கெடுப்பு வந்தபோது, ஸ்வீடனின் தரநிலை அமைப்பில் கடைசி நேரத்தில் பல நிறுவனங்கள் கட்டணம் கட்டி உள்ளே வந்து வாக்களித்தன. பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் கூட்டாளிகள். ஒரு நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு போட்டது தெரியவந்து, அந்த வாக்கெடுப்பே செல்லாது என்றாகிவிட்டது. உறுப்பினராகி ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆன பிறகுதான் வாக்குரிமை என்று ஒரே ஒரு வரி எழுதினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

அடுத்தது, பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது யார்? "சிறு உற்பத்தியாளர்களுக்கு நாலு இடம்" என்று எழுதிவிட்டு, அந்த நாலு பேரை நியமனக் குழு தேர்ந்தெடுக்கும் என்று அடுத்த பத்தியில் எழுதியிருப்பார்கள். நியமனக் குழுவில் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆளும் குழுவில் 56 பேர்: அரசுகளுக்கு 28, முதலாளிகளுக்கு 14, தொழிலாளர்களுக்கு 14. ஆண்டு மாநாட்டுக்குத் தொழிலாளர் பிரதிநிதியை நாட்டு அரசுதான் அனுப்பும். ஆனால் தன் இஷ்டத்துக்கு அனுப்ப முடியாது. அந்த நாட்டின் மிகவும் பிரதிநிதித்துவம் வாய்ந்த தொழிற்சங்கங்களுடன் ஒத்துப்போய்த்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அமைப்பின் சாசனம். 1921-இல் நெதர்லாந்து அரசு, மூன்று சங்கக் கூட்டமைப்புகள் ஒப்புக்கொண்ட ஒருவரை அனுப்பியது. தனியாக மிகப் பெரியதாக இருந்த நான்காவது கூட்டமைப்பு எதிர்த்தது. மூன்றின் கூட்டு எண்ணிக்கை அந்த ஒன்றைவிட அதிகம். சர்வதேச நிரந்தர நீதிமன்றம் 1922-இல் அளித்த முதலாவது ஆலோசனைக் கருத்தே இந்த விவகாரம்தான். அரசு செய்தது சரி என்றது. "மிகப் பெரிய சங்கம்" என்று ஒருமையில் எழுதுகிறோமா, "சங்கங்கள்" என்று பன்மையில் எழுதுகிறோமா என்பதில் ஓர் இடமே கை மாறுகிறது. பைலா எழுதும்போது இந்த மாதிரி இடங்களில் நின்று நிதானித்துப் போங்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் சுதந்திரமானவரா என்பது இன்னொரு சங்கடம். பல வருஷத்துக்கு முன் ஒரு குழுவில் நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். சிறு உற்பத்தியாளர்களின் பிரதிநிதி நல்ல மனிதர், தொழிலை உள்ளும் புறமும் தெரிந்தவர். வாக்கெடுப்பு என்றதும் எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரிய நிறுவனத்துக்காரரை ஒரு கணம் பார்ப்பார்; அதன் பிறகுதான் கை மேலே போகும். மூன்று கூட்டம் கழித்துத்தான் தெரிந்தது, அவருடைய சரக்கில் முக்கால்வாசியை வாங்குவதே அந்த நிறுவனம்தான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன். அடுத்த திருத்தத்தில் ரகசிய வாக்கெடுப்பு கேட்கும் உரிமையைச் சேர்த்தோம்: இரண்டு உறுப்பினர் கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். அதற்கு அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் தோற்றது. அந்தக் குழுவில் தீர்மானம் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் இந்தச் சிக்கலைக் குலுக்கல் சீட்டால் கையாள்கிறது. தலைமைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் வாக்குரிமை உள்ள 10 பேர். தகுதியுள்ள தன்னார்வலர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள், குலுக்கலை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் இருக்க முடியாது. முன்கூட்டியே யாரையும் "ஏற்பாடு" செய்துவைக்க முடியாது என்பதுதான் இதில் அழகு. உங்கள் ஆட்சிக் குழுவுக்கே குலுக்கலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நியமனக் குழுவுக்கும் புகார் விசாரிக்கும் குழுவுக்கும் தாராளமாகச் செய்யலாம்.

இத்தனையும் செய்துவிட்டு உபகுழுவைக் கோட்டைவிட்டால் எல்லாம் வீண். நிஜ வேலை அங்கேதான் நடக்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் கொதிகலன் விதிகளுக்கான ஓர் உபகுழுவில், தண்ணீர் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் கருவியைத் தயாரித்த ஒரு நிறுவனத்தின் துணைத் தலைவர், உபகுழுவுக்கும் துணைத் தலைவராக இருந்தார். ஹைட்ரோலெவல் என்ற சின்னப் போட்டி நிறுவனம் சற்றே தாமதித்து நிறுத்தும் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. 1971-இல் அந்தத் துணைத் தலைவரின் நிறுவனத் தரப்பிலிருந்தே சங்கத்துக்கு ஒரு விளக்கக் கேள்வி போனது. அந்தக் கேள்வியை எழுதுவதில் உதவியவரே உபகுழுவின் தலைவர்தான். பதிலையும் அவரே தயாரித்தார், சங்கத்தின் பெயரில் கடிதம் போனது. தாமதம் இருந்தால் தண்ணீர் ஆபத்தான அளவுக்கு இறங்காது என்று உறுதி சொல்ல முடியாது என்கிற மாதிரி வாசகம். அந்த நிறுவனத்தின் விற்பனையாளர்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் போனார்கள். சின்ன நிறுவனம் எழவே இல்லை. 1982-இல் உச்ச நீதிமன்றம் சங்கமே பொறுப்பு என்றது. அந்தக் கடிதம் போக எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை, கவனியுங்கள். மேல் குழுவில் எவ்வளவு துல்லியமாக இடம் பங்கிட்டிருந்தாலும் இதைத் தடுத்திருக்காது.

அதனால் உபகுழுவுக்கும் அதே பிரிவு விகிதம் பொருந்தும் என்று எழுதுங்கள். விளக்கக் கடிதம் எதுவானாலும் தன் தொழில் நலன் சம்பந்தப்பட்டவர் ஒதுங்கி நிற்க வேண்டும், இரண்டு வெவ்வேறு பிரிவுக்காரர்கள் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவி பிரிவு மாறி மாறிச் சுழலட்டும். நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயத்தைச் சேர்க்க எந்த இரண்டு உறுப்பினர் கேட்டாலும் தலைவர் மறுக்கக்கூடாது.

பயணச் செலவு, மாற்றுப் பிரதிநிதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறியவருக்குச் செலவைச் சங்கம் கொடுக்க வேண்டும்; அவர் தன் பட்டறையைப் பூட்டிவிட்டு வருகிறார், பெரியவர் சம்பளத்துக்கு ஆள் அனுப்புகிறார். ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் குறித்த ஒரு மாற்று ஆள் இருக்க வேண்டும், அவரும் அதே பிரிவுக்காரராக இருக்க வேண்டும். தனக்குப் பதிலாக வாக்களிக்கும் உரிமையை (ப்ராக்ஸி) வேறு பிரிவுக்காரருக்குக் கொடுக்க முடியாது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

துறை மாறும், எண்ணிக்கையும் மாறும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பிரிவுகளையும் இடங்களையும் மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும் என்ற விதி பைலாவில் இருக்கட்டும். அந்தப் பரிந்துரையை ஆட்சிக் குழுவே எழுதக்கூடாது. நாற்காலியில் இருப்பவர் நாற்காலியைக் குறைக்க மாட்டார். வெளியிலிருந்து மூன்று பேரைப் போடுங்கள்.

இப்போது ஏற்கெனவே ஒரு தற்காலிகக் குழு இயங்குகிறது என்றால், இடப் பேச்சு தொடங்கும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து உட்காருங்கள். கடைசி இரண்டு வருஷத் தீர்மானங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பிரிவின் வாக்குகளை மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிப் போட்டு முடிவு மாறுகிறதா என்று குறியுங்கள். நான்கு பிரிவுக்கும் நான்கு முறை. கால்குலேட்டர்கூட வேண்டாம், பென்சில் போதும். பல தீர்மானங்களுக்கு எதிரே "ஏகமனதாக" என்றுதான் இருக்கும். அவற்றையும் ஒதுக்கிவிட வேண்டாம். யார் அன்று வரவில்லை என்பதை அதே பக்கத்தின் மேல் வரியில் பாருங்கள்.